கில்ட்டின் கனம்

ஸ்காட்லாந்து ஆடவர் அணியும் 'கில்ட்'டைப் படத்தில் காணும் நம்மவர் பலர், கட்டம் போட்ட பாவாடை என்றெண்ணிக் கடந்துவிடுவர். அதன் கனத்துக்கு ஒரு வரலாறு உண்டு என்பதைச் சற்றே நோக்குவோம்.

தொடக்கத்தில் மலைநாட்டார் உடுத்தியது நீண்ட கம்பளித் துணி. இடையில் கொசுவம் வைத்து வாரால் இறுக்கி, எஞ்சியதைத் தோளில் போர்த்துவர். பகலில் ஆடை, இரவில் போர்வை. 18ஆம் நூற்றாண்டில் மேற்பாதி நீங்கிச் சிறு கில்ட் பரவியது. அதை உருவாக்கியவர் தாமஸ் ராலின்சன் என்னும் ஆங்கிலேய இரும்பாலை முதலாளியே என்று வரலாற்றறிஞர் ஹ்யூ ட்ரெவர்-ரோப்பர் 1983இல் எழுதியபோது பெரும் சர்ச்சை எழுந்தது.

1746இல் கலோடன் போரில் மலைநாட்டுக் கிளர்ச்சியாளர் தோற்றனர். அவ்வாண்டே அவர்தம் உடைக்குத் தடைச்சட்டம் வந்தது. முதல் முறை மீறினால் 6 மாதச் சிறை; மறுமுறை 7 ஆண்டு நாடுகடத்தல். மன்னரின் படைவீரருக்கு மட்டும் விலக்கு. 1782இல் தடை நீங்கும்வரை கில்ட்டைக் காத்தது, விந்தையாக, அதே மன்னரின் படைதான்.

கெஜத்துக்கு 16 அவுன்ஸ் எடையுள்ள இரட்டை அகலத் துணியில் 4 கெஜம் எடுத்து, நீளவாக்கில் இரண்டாக்கி இணைத்தால் 8 கெஜம். துணி மட்டுமே ஏறத்தாழ 1.8 கிலோ. அதில் பெரும்பகுதி பின்புறக் கொசுவத்தில் அடங்குகிறது. நடக்கையில் அது அசைந்து மீண்டும் தன்னிடம் சேர்வது இக்கனத்தால்தான். முதல் உலகப்போரில் அகழிச் சேற்றில் ஊறி இதே கனம் வீரரை வதைத்ததும் உண்டு.

இன்று விலை மலிந்த மெல்லிய துணிகளிலும் கில்ட் தைக்கின்றனர். காற்றில் அது பறக்கிறது, கொசுவம் கலைகிறது. திரைச்சீலைக்குச் செய்வதுபோல் ஈயமணிச் சரத்தை விளிம்பில் தைக்கலாமே எனத் தோன்றும். ஆனால் மரபான கில்ட்டின் கீழ்விளிம்பு மடித்துத் தைக்கப்படுவதில்லை. தறியில் நெய்த கரையே விளிம்பு. சரத்தை மறைக்க அங்கே இடமில்லை. உட்புறம் ஒரு பட்டி தைத்தே தீரவேண்டும்; நம் பெண்டிர் சேலைக்கு 'ஃபால்' தைப்பதும் இதை ஒத்ததே. எடை ஒவ்வொரு மடிப்புக்கும் சமமாக அமையாவிடில் தொங்கல் கோணும். முன்மடிப்பில் குத்தும் ஊசியும் ஓரளவு உதவும். அதை மேல்மடிப்பில் மட்டுமே குத்தவேண்டும், இரண்டையும் சேர்த்துக் குத்தினால் துணி கிழியும். மற்றொரு வழி, கூடுதல் துணியெடுத்துக் கொசுவத்தை ஆழமாக்குவது. அப்போது துணியே துணிக்கு எடையாகிறது.

மெல்லிய கில்ட் உண்மையான கில்ட் ஆகாது என்போரும் உளர். நமக்கு அது உடன்பாடன்று. கைக்கெட்டிய துணியை உடுத்தியோரிடம் பிறந்து, சிறைக்கு அஞ்சிய காலத்தையும் கடந்து வந்த உடையல்லவா அது? ஏழையொருவன் விளிம்பில் ஈயம் தைத்து அணிந்தாலும், அவன் சுமப்பது அந்த வரலாற்றையே.