தறிக்குழியும் மேல்தொட்டியும்

காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையில் இருக்கிறது ஐயம்பேட்டை, நெசவாளர் ஊர். குழித்தறிக்கு மின்சாரம் வேண்டாம். கையும் காலும் போதும். ஆனாலும் ஐப்பசி, கார்த்திகை அடைமழை இத்தொழிலை முடக்கிவிடும். தறிக்குழியில் நீர் ஊறும், தெருவில் பாவு விரிக்க முடியாது. பட்டு நூலைப் பரணில் ஏற்றுவதும், விறகை நனையாமல் அடுக்குவதும், அரிக்கேன் விளக்குக்கு மண்ணெண்ணெய் சேர்ப்பதும்தான் அன்றைய முன்னேற்பாடு. குடிநீருக்குக் கவலையில்லை, கிணற்றில் இறைக்கக் கயிறும் வாளியும் போதும்.

தண்ணீரை மேல்தொட்டிக்கு ஏற்றும் மின்மோட்டார் வந்தபின் கணக்கு மாறியது.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னை அருகே கரையைக் கடந்தது. சென்னை, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களில் ஆயிரக்கணக்கான மின்கம்பங்கள் சாய்ந்தன. பல பகுதிகள் நாள்கணக்கில் இருண்டன. இருட்டைவிடக் கொடுமை, காலியான மேல்தொட்டி. அதற்கு முந்தைய மாதம், நவம்பர் 8 அன்றுதான் 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்திருந்தார்கள். கையில் பணமில்லை, கார்டு தேய்க்க மின்சாரமும் இல்லை. அவசரத்துக்குச் சில்லறை நோட்டுகள் வைத்திருந்த வீடுகள்தான் தப்பித்தன.

2018 நவம்பர் 16 அன்று வீசிய கஜா புயலுக்குப் பின் காவிரி டெல்டாவில் இருள் வாரக்கணக்கில் நீண்டது. ஜெனரேட்டரை வண்டியில் ஏற்றி, வாடகைக்குத் தெருத்தெருவாகத் தொட்டி நிரப்பினார்கள். கம்பம் நட கேரளாவிலிருந்தும் ஆந்திராவிலிருந்தும்கூட மின் ஊழியர்கள் வந்தார்கள்.