பான்டிங்கின் மடல்: மாவுச்சத்துக் குறைப்பின் 160 ஆண்டு வரலாறு

கல்லூரி ஆசிரியர் அறையில் நண்பகல் உணவுப் பெட்டிகள் திறக்கப்படும்போது சில ஆண்டுகளாக ஒரு மாற்றத்தைக் கண்டு வருகிறோம். சாம்பார் சாதமும் தயிர்சாதமும் இருந்த இடத்தில் அவித்த முட்டையும் பாதாம் பருப்பும் பனீர்த் துண்டுகளும் வந்து அமர்ந்துள்ளன. சோற்றை விட்டதால் இரண்டே மாதத்தில் எட்டுக் கிலோ குறைந்ததாக ஒருவர் பெருமிதத்துடன் சொல்கிறார். அதே வழியில் சென்ற இன்னொருவர், இறங்கிய எடை மீண்டும் ஏறிவிட்டதைச் சொல்லக் கூசிப் பேச்சை மாற்றுகிறார். வென்றவர் சோற்றைப் பழிக்கிறார். தோற்றவர் தம்மையே பழித்துக்கொள்கிறார். இவ்விரண்டு பழிகளும் நியாயமானவைதாமா என்று வினவிக்கொண்டபோது, விடைக்கு நாம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இலண்டன் வரை பின்னோக்கிச் செல்ல நேர்ந்தது.

மாவுச்சத்தைக் குறைத்து எடையைக் குறைக்கும் முறை 2010களில் 'பேலியோ' என்னும் பெயரில் தமிழரிடையே பரவியது. பெயர் புதிது, முறை பழையது. பிரெஞ்சு நீதிபதியும் உணவுச்சுவை பற்றி எழுதியவருமான பிரில்லா சவாரின், 1825இல் வெளிவந்த தம் நூலிலேயே மாவுப்பொருள்களை உடற்பருமனின் முதன்மைக் காரணங்களுள் ஒன்றாகக் குறித்துவிட்டார். எனினும் இதனை ஒரு மக்கள் இயக்கமாக மாற்றியவர் மருத்துவரும் அல்லர், எழுத்தாளரும் அல்லர். சவப்பெட்டி செய்து இறுதிச்சடங்கு நடத்தித் தரும் தொழிலைப் பரம்பரையாகச் செய்துவந்த வில்லியம் பான்டிங் என்பவரே அவர்.

படியில் பின்புறமாக இறங்கிய மனிதர்

பான்டிங்கின் குடும்ப நிறுவனம் எளிய நிறுவனமன்று. இங்கிலாந்து அரச குடும்பத்தாரின் இறுதிச்சடங்குகளையும், 1852இல் வெலிங்டன் பிரபுவின் மாபெரும் இறுதி ஊர்வலத்தையும் நடத்திக்கொடுத்தது அது. செல்வமும் மதிப்பும் குறைவின்றி இருந்த அவருக்கு உடல் மட்டும் பெருஞ்சுமையாயிற்று. 1862 ஆகஸ்டில் அவருக்கு வயது 65ஐ ஒட்டி இருந்தது. உயரம் 5 அடி 5 அங்குலம். எடை 202 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 92 கிலோ. குனிந்து காலணியின் கயிற்றைக் கட்ட அவரால் இயலவில்லை. முழங்காலும் கணுக்காலும் அதிர்ச்சி தாங்காமையால் மாடிப்படியில் பின்புறமாகத் திரும்பி மெல்ல இறங்குவார். பொது இடங்களில் பிறர் செய்த ஏளனத்துக்கு அஞ்சி வெளியே செல்வதையே குறைத்துக்கொண்டதாகவும் அவர் எழுதியுள்ளார்.

அவர் முயலாமல் இருந்தவர் அல்லர். மருத்துவர் ஒருவர் உடலுழைப்பு வேண்டும் என்றார். பான்டிங் நாள்தோறும் விடியலில் இரண்டு மணிநேரம் படகு வலித்தார். தசை வலுப்பெற்றது, உடன் பெரும்பசியும் வந்தது, எடை கூடியது. நீராவிக் குளியல், மருத்துவ நீரூற்றுகள், மருந்துகள் யாவற்றையும் பார்த்தார். பயனில்லை. பசியை அடக்க இயலாத பலவீனர் என்று உலகம் அவரைக் கருதியிருக்கும். ஆனால் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஓயாது முயன்ற ஒருவரை எவ்வாறு பலவீனர் என்பது?

காது மந்தமானபோது அவர் வில்லியம் ஹார்வி என்னும் காது மருத்துவரிடம் சென்றார். (இரத்த ஓட்டத்தைக் கண்டறிந்த பதினேழாம் நூற்றாண்டு ஹார்வி வேறு, இவர் வேறு.) சில ஆண்டுகளுக்குமுன் பாரிசில், கல்லீரல் சர்க்கரையை உண்டாக்குகிறது என்று கண்ட கிளோது பெர்னாரின் சொற்பொழிவுகளைக் கேட்டு வந்திருந்த ஹார்வி ஒரு முடிவுக்கு வந்திருந்தார். நீரிழிவு நோயாளிக்கு மாவும் சர்க்கரையும் தவிர்த்த உணவு தரப்படுகிறது. கால்நடைகளைக் கொழுக்க வைக்க மாவுப்பொருளே ஊட்டப்படுகிறது. எனவே மாவையும் சர்க்கரையையும் விலக்கினால் உடற்கொழுப்பு குறையவேண்டும் என்பதே அவர் கருத்து. காது மந்தத்துக்கும் உடற்பருமனே காரணம் என்று கருதிய அவர், பான்டிங்குக்கு ரொட்டி, வெண்ணெய், பால், சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கு ஆகியவற்றை விலக்கினார்.

அவர் வகுத்துக் கொடுத்த உணவு ஏழையின் உணவன்று. காலையில் 4 அல்லது 5 அவுன்சு இறைச்சி அல்லது மீன், பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீர், ஒரு அவுன்சு வாட்டிய ரொட்டி. பகலில் 5 அல்லது 6 அவுன்சு மீன் அல்லது இறைச்சி, உருளைக்கிழங்கு தவிர்த்த காய்கறி, இரண்டு மூன்று கிண்ணம் திராட்சை மது. மாலையில் சிறிது பழமும் தேநீரும். இரவில் மீண்டும் 3 அல்லது 4 அவுன்சு இறைச்சியும் மதுவும். மது இத்துணை இடம்பெற்ற எடைக்குறைப்பு உணவை இன்றைய மருத்துவர் எவரும் எழுதித் தரமாட்டார்.

எடை இறங்கியது. 1863 செப்டம்பரில் பான்டிங் 156 பவுண்டுக்கு வந்திருந்தார். 46 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 21 கிலோ குறைந்திருந்தது. இடைச்சுற்றளவு 12 அங்குலத்துக்கு மேல் சுருங்கியது. காதும் முன்னினும் நன்றாகக் கேட்டது. படியில் நேராக இறங்கினார். தாம் பெற்ற இன்பத்தைப் பிறரும் பெறவேண்டும் என்று எண்ணி, 'உடற்பருமன் குறித்துப் பொதுமக்களுக்கு ஒரு மடல்' என்னும் சிறுநூலை 1863இல் தம் செலவில் அச்சிட்டு இலவசமாக வழங்கினார். மூன்றாம் பதிப்பிலிருந்துதான் விலை வைத்தார். அதன் வருவாயும் அறத்துக்கே சென்றது.

ஆங்கிலத்தில் அவர் பெயர் எடைக்குறைப்பைக் குறிக்கும் சொல்லாயிற்று. சுவீடிய மொழியில் 'பான்டா' என்றால் இன்றும் எடை குறைக்க உணவைக் கட்டுப்படுத்துதல் என்றே பொருள். தென்னாப்பிரிக்காவில் மாவுச்சத்துக் குறைந்த உணவுமுறை இந்நூற்றாண்டிலும் 'பான்டிங்' என்றே வழங்குகிறது. இயற்பெயர் ஒன்று வினைச்சொல்லாக மாறி, பிறந்த ஊரை விட்டு வேற்றுமொழியில் வாழ்வதைத் தமிழ் கற்பிக்கும் நாம் வியப்புடனேயே நோக்குகிறோம்.

விளைவு ஒன்று, விளக்கம் பல

மருத்துவ உலகம் பான்டிங்கை எள்ளியது. தகுதியற்றவர் மருத்துவம் எழுதுவதா என்ற சினம் ஒருபுறம். விளைவுக்குரிய காரணத்தை ஹார்வியால் ஐயமற நிறுவ இயலாமை மறுபுறம். ஆய்வாளர் பலர் அதன்பின் காரணம் தேடினர். 1882இல் செருமானிய மருத்துவர் வில்லெம் எப்ஸ்டைன், மாவையும் சர்க்கரையையும் விலக்கினாலும் கொழுப்பை விலக்கவேண்டியதில்லை, கொழுப்பு பசியைத் தணிக்கும் என்றார். அமெரிக்காவில் அட்வாட்டர் உணவின் ஆற்றலை அளக்கும் ஆய்வுகளை 1890களில் நடத்தினார். 1918இல் லூலூ ஹன்ட் பீட்டர்சின் நூல் கலோரிக் கணக்கை இல்லத்தரசியரின் சமையலறை வரை கொண்டுசேர்த்தது. எந்த உணவு என்னும் வினா பின்தள்ளப்பட்டு, எவ்வளவு என்னும் வினா முன்வந்தது.

இரு வினாக்களும் நேருக்குநேர் மோதிய இடமும் இலண்டனே. 1956இல் கெக்விக், பவான் என்னும் இருவர், ஒரே அளவு கலோரி கொடுத்தாலும் கொழுப்பு மிகுந்த உணவில் எடை விரைவாக இறங்குவதாக அறிவித்தனர். பான்டிங் வென்றுவிட்டார் என்றே தோன்றியது. ஆனால் சில நாள்களில் இறங்கும் எடையில் பெரும்பகுதி நீர். உடல் மாவுச்சத்தைக் கிளைகோஜன் என்னும் வடிவில் கல்லீரலிலும் தசையிலும் சேமிக்கிறது. ஒவ்வொரு கிராமுடனும் ஏறத்தாழ 3 கிராம் நீர் சேர்ந்திருக்கிறது. மாவுச்சத்தை நிறுத்தியதும் அச்சேமிப்பு கரைய, நீரும் வெளியேறுகிறது. முதல் வாரத்தில் இரண்டு கிலோ குறைந்தது என்று நண்பர்கள் மகிழ்வதன் பின்னணி இதுவே. மீண்டும் சோறு உண்டதும் அந்நீர் திரும்பி வருகிறது. கொழுப்பே திரும்பிவிட்டதென்று அஞ்சவேண்டியதில்லை.

1960இல் அதே நகரின் ஊட்டவியல் பேராசிரியர் ஜான் யூட்கின், தம் உடனாய்வாளர் கேரியுடன் இணைந்து ஓர் எளிய வினாவை எழுப்பினார். மாவுச்சத்தை விலக்கி, ஏனையவற்றை விரும்பிய அளவு உண்ணச் சொன்னால் மக்கள் உண்மையில் எவ்வளவு உண்கிறார்கள்? விடை தெளிவாக இருந்தது. ரொட்டி போனதும் அதன்மேல் தடவும் வெண்ணெயும் போயிற்று. கொழுப்பு பெரிதாகக் கூடவில்லை. மொத்தக் கலோரி குறைந்தது. யூட்கின் சர்க்கரையின் கடும் எதிரி; மாவுச்சத்துக் குறைப்பை ஆதரித்தவர். அவரே அதன் இயக்கத்தை இவ்வாறு எளிமையாக விளக்கினார் என்பது கருதத்தக்கது.

இவ்விடத்தில் பான்டிங்கின் மடலை மீண்டும் புரட்டினால் ஒரு முரண் புலப்படுகிறது. உணவின் அளவைப் பசியின் போக்குக்கே விட்டுவிடலாம், வகைதான் முக்கியம் என்று அவர் எழுதினார். ஆனால் அவர் உண்டதாகத் தரும் பட்டியல் முழுவதும் அவுன்சுக் கணக்கு. பீரும் இனிப்புப் பண்டமும் சர்க்கரையும் வெண்ணெய் தடவிய ரொட்டியும் ஒருசேர நீங்கிய தட்டில், அவர் அறியாமலே அளவும் குறைந்துவிட்டது. வகையை மாற்றியதன் வழியாக அளவு மாறியது.

ஆய்வுகளின் தீர்ப்பு

1972இல் அமெரிக்க மருத்துவர் ராபர்ட் அட்கின்சின் நூல் இம்முறைக்குப் புதுவாழ்வு தந்தது. 1977இல் அமெரிக்கச் செனட் குழு ஒன்றோ கொழுப்பைக் குறைத்து மாவுச்சத்தைக் கூட்டுமாறு பரிந்துரைத்தது. இரு முகாம்களும் கால்நூற்றாண்டு ஒன்றையொன்று இகழ்ந்தன. முறையான நீண்ட ஒப்பீடுகள் இந்நூற்றாண்டில்தான் வந்தன. 2003இல் வெளியான 63 பேர் பங்கேற்ற ஆய்வில், ஆறு மாதத்தில் மாவுச்சத்துக் குறைத்தோர் முந்தினர். ஓராண்டு முடிவில் இரு குழுவினருக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. 2018இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 609 பேரை ஓராண்டு தொடர்ந்தனர். கொழுப்பைக் குறைத்தோர் சராசரியாக 5.3 கிலோவும் மாவுச்சத்தைக் குறைத்தோர் 6.0 கிலோவும் இழந்தனர், அவ்வேறுபாடு பொருட்படுத்தத்தக்கதன்று. மரபணுவையோ இன்சுலின் சுரப்பையோ கொண்டு யாருக்கு எது பொருந்தும் என்று முன்கூட்டிச் சொல்லவும் இயலவில்லை.

அவ்வாய்வில் நம்மை நிறுத்திய செய்திகள் இரண்டு. ஒன்று, இரு குழுவினருக்கும் பொதுவாகச் சொல்லப்பட்ட அறிவுரை: சேர்த்த சர்க்கரையையும் தீட்டிய மாவையும் குறையுங்கள், காய்கறியைக் கூட்டுங்கள் என்பது. மற்றொன்று, சராசரிக்குள் மறைந்திருந்த மனிதர்கள். ஒவ்வொரு குழுவிலும் 25 கிலோவுக்கு மேல் இழந்தவரும் இருந்தனர். எடை கூடியவரும் இருந்தனர்.

மாவுச்சத்து இன்சுலினைத் தூண்டுவதே பருமனுக்கு அடிப்படை என்னும் கருத்தும் சோதிக்கப்பட்டது. 2021இல் கெவின் ஹால் குழுவினர் 20 பேரை ஆய்வகத்திலேயே தங்கவைத்து, இருவகை உணவையும் இவ்விரு வாரம் வேண்டுமளவு உண்ணச் செய்தனர். கொழுப்புக் குறைந்த, மாவுச்சத்து மிகுந்த உணவில் அவர்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 690 கலோரி குறைவாக உண்டனர். குறுகிய கால ஆய்வுதான். ஆயினும் மாவுச்சத்து ஒன்றே குற்றவாளி என்னும் வாதத்தை அது தளர்த்தியது.

ஆகவே மாவுச்சத்தைக் குறைப்பது எடை குறைக்க நல்ல வழியா என்றால், ஆம், அது ஒரு நல்ல வழி, ஒரே வழியன்று. நினைவில் வைக்க எளிய விதி என்பதும், புரதம் கூடுவதால் பசி தணிகிறது என்பதும் அதன் வலிமை. அதை நெடுநாள் கடைப்பிடிப்பது கடினம் என்பது அதன் பலவீனம். நீரிழிவாளர்க்கு இரத்தச் சர்க்கரையைக் குறைக்கும் நன்மையும் உண்டு. ஆனால் இன்சுலின் போன்ற மருந்து கொள்வோர் மருத்துவரிடம் சொல்லாமல் சோற்றை நிறுத்தினால், சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழக்கூடும். சிலருக்குத் தீய கொழுப்பு கூடுவதும் உண்டு.

நம் தட்டுக்கும் இவ்வரலாற்றில் இடமுண்டு. சென்னையின் நீரிழிவு ஆய்வு நிறுவனம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துடன் இணைந்து நடத்தி 2025இல் வெளியிட்ட ஆய்வு, இந்தியர் பெறும் கலோரியில் ஏறத்தாழ 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்து வருவதாகக் கண்டது. அரிசிக்குப் பதில் கோதுமையோ சிறுதானியமோ உண்பதால் மட்டும் நீரிழிவு இடர் குறைவதாகத் தெரியவில்லை. மாவுச்சத்தில் ஒரு சிறு பகுதிக்குப் பதிலாகப் புரதம் வரும்போது இடர் குறைவாக இருந்தது. எடை பற்றிய ஆய்வன்று இது. எனினும் சோற்றை முற்றாகத் துறக்காமல், ஒரு கரண்டி குறைத்துப் பருப்பையும் முட்டையையும் கூட்டலாம் என்ற நடுவழியை அது காட்டுகிறது.

பான்டிங் தம் மடலில் நாளிட்ட எடைப்பட்டியல் ஒன்றையும் இணைத்திருந்தார். ஏறத்தாழ மூன்று வாரத்துக்கு ஒருமுறை இரண்டு அல்லது மூன்று பவுண்டு வீதம் இறங்கும் எண்கள் அவை. ஓராண்டுக்கு மேல் கணக்கிட்டால் வாரத்துக்கு ஒரு பவுண்டு கூட இல்லை. இரண்டு மாதத்தில் எட்டுக் கிலோ என்னும் இன்றைய பேச்சுக்கு முன் அப்பட்டியல் மிகவும் எளியதாகத் தோன்றும். ஆனால் அம்மனிதர் 1878இல், தம் 81ஆம் வயதில் மறைந்தார். படகு வலித்தும் தோற்ற அந்நாள்களுக்காக அவர் தம்மைப் பழித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. அவருக்குப் பொருந்தும் வழி அப்போது அவருக்குக் கிட்டவில்லை, அவ்வளவே. பேச்சை மாற்றும் நம் நண்பரிடமும் நாம் சொல்ல விரும்புவது அதுதான்.