வீட்டுக்கு எந்த மஞ்சள் பூ?



வருஷக்கணக்கில் நின்று மஞ்சளாகப் பூக்க என்ன செடி வைக்கலாம் என்று தாய்மார்கள் கேட்கிறார்கள். பல வீடுகளில் நிற்பது தங்க அரளி. அது மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பக்கத்துச் செடி. 1753-ல் லின்னேயஸ், ஆந்த்ரே தெவே என்ற பிரெஞ்சுத் துறவியின் பெயரை அதற்கு வைத்தார். ஆடு மாடு கடிக்காது என்று நாமும் வேலியோரம் வைத்தோம். கடிக்காததற்குக் காரணமே வேர் முதல் கொட்டை வரை உள்ள நஞ்சுதான். பிள்ளைகள் ஓடியாடும் வீட்டுக்கு ஆகாதுங்க.

நம்ம ஆவாரை இருக்கிறதே! கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிய 99 பூக்களில் அதுவும் ஒன்று. பொங்கல் காப்பில் வேப்பிலை, பூளையோடு அதையும் கட்டுகிறோம். சென்னை மாகாணத்தில் தோல் பதனிட அதன் பட்டைதான் உதவியது; தென்னாப்பிரிக்க வாட்டில் பட்டை வந்தபின் மவுசு குறைந்தது.

கரம்பிலும் வளரும். விதைத்தோல் கெட்டி, வெந்நீரில் ஊறப்போட்டு ஊன்றுங்கள்.