தடுத்தாட்கொண்ட ஓர் இரவு

விழுப்புரம் என்றதும் நம்மில் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது இரயில் சந்திப்பே. திண்டிவனம் என்றாலோ, சென்னைக்குப் போகிற வழியில் பேருந்து நின்று புறப்படும் ஊர். இரண்டுக்கும் இடைப்பட்ட தொலைவு ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர். கடந்து போவதற்கென்றே அமைந்த ஊர்களாக இவற்றைக் கருதிப் பழகிவிட்டோம். ஆனால் இந்த வட்டாரத்துக்கு வேறொரு பழைய இயல்பு உண்டு. தம் வழியே போய்க்கொண்டிருந்தவர்களை நிறுத்தி, வேறு வழியில் திருப்பிவிட்ட மண் இது. வகுப்பறையில் நாயன்மார் வரலாற்றை நடத்தும்போதெல்லாம், 'இந்தப் பிறவி எதற்காக?' என்ற கேள்வியை மாணவர்கள் ஏதேனும் ஒரு வடிவில் எழுப்புவதுண்டு. இவ்வட்டாரத்து வரலாற்றிலிருந்தே அதற்கொரு விடை தேட முடியுமா என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெரியபுராணத்தின் தடுத்தாட்கொண்ட புராணத்தை அறியாத தமிழ் வாசகர் இருக்கமாட்டார். திருநாவலூரில் பிறந்த சுந்தரருக்குப் புத்தூரில் மணவிழா. மணமேடை ஏறும் வேளையில் முதியவர் ஒருவர் கையில் ஓலையுடன் வந்து நிற்கிறார். இவன் எனக்கு அடிமை. இவன் பாட்டன் எழுதிக் கொடுத்த ஆவணம் இது என்கிறார். சுந்தரர் அவரைப் பித்தன் என்று ஏசுகிறார். ஓலையைப் பறித்துக் கிழித்தும் விடுகிறார். வழக்கு, இன்றைய விழுப்புரம் மாவட்டத்திலுள்ள திருவெண்ணெய்நல்லூர் அவைக்குப் போகிறது. மூல ஓலை காட்டப்படுகிறது, பாட்டனாரின் கையெழுத்து ஒப்பிட்டுப் பார்க்கப்படுகிறது, முதியவர் வெல்கிறார். உம்முடைய வீடு எது என்று அவையோர் கேட்க, அவர் அருட்டுறைக் கோயிலுக்குள் புகுந்து மறைகிறார். நின்றுபோன திருமணத்திலிருந்து ஒரு கவிஞர் பிறக்கிறார்.

பண்ருட்டியை அடுத்த திருவதிகையில் நடந்தது இதைவிடக் கடுமையானது. சமணம் சார்ந்து, தருமசேனர் என்னும் பெயரோடு சிறப்புற்றிருந்த மருள்நீக்கியாரைத் திருப்பியது சூலை நோய். வயிற்றைப் பிடித்துக்கொண்டு இரவோடிரவாகத் தமக்கை திலகவதியாரிடம் வந்து சேர்ந்தவரே பின்னர் திருநாவுக்கரசரானார். இவ்விரு வரலாறுகளையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால் ஒன்று புலப்படும். இறைவனின் அன்பு இங்கே முதலில் இனிமையாக வருவதில்லை. ஒரு தடையாக, வலியாக, அழையா விருந்தாளியாக வருகிறது. அதை அன்பென்று அறிவதற்குப் பிறகு நெடுங்காலம் வேண்டியிருக்கிறது.

சுந்தரரும் அப்பரும் வாழ்ந்து ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் கடந்தபின், முற்றிலும் வேறொரு சமயத்தைச் சேர்ந்த ஓர் இளம்பெண்ணுக்குத் திண்டிவனத்தில் இதே அனுபவம் நேர்ந்தது. அவர் ஐடா சோபியா ஸ்கடர். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியை நிறுவியவராக அவரைப் பலரும் அறிவர். ஆனால் அந்தப் பெரும்பணியின் வித்து வேலூரில் விழவில்லை, அந்நாளைய தென்னார்க்காட்டின் இச்சிற்றூரில்தான் விழுந்தது என்பதைத் திண்டிவனத்துக்காரர்களே பெரிதும் அறியார். திந்திரிணி வனம், அதாவது புளியங்காடு என்பதே ஊர்ப்பெயரின் மூலம் என்பர்.

ஐடாவின் கதையிலும் பாட்டனார் எழுதிக்கொடுத்த ஓர் ஓலை உண்டு. அவருடைய பாட்டனார் மருத்துவர் ஜான் ஸ்கடர் 1819-இல் அமெரிக்காவிலிருந்து கப்பலேறி இலங்கை வந்து, யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் மருத்துவமும் சமயப்பணியும் செய்தவர். 1836-இல் சென்னைக்கு வந்தவர். அவருடைய பிள்ளைகள் பலரும் அதே பணிக்கு வந்தனர். 1853-இல் அவர்கள் அமைத்ததே ஆர்க்காடு மிஷன். அப்பிள்ளைகளுள் ஒருவரான இரண்டாம் ஜான் ஸ்கடர் என்னும் மருத்துவருக்கும் சோபியா அம்மையாருக்கும் மகளாக, 1870 டிசம்பர் 9 அன்று இராணிப்பேட்டையில் ஐடா பிறந்தார். ஸ்கடர் என்ற பெயரோடு பிறந்தாலே இந்தியாவுக்கு அடிமையோலை எழுதியாயிற்று என்பதுபோல இருந்தது அக்குடும்பத்தின் நிலை.

அந்த ஓலையைக் கிழித்துப்போடவே ஐடா விரும்பினார். காரணமில்லாமல் இல்லை. தாது வருஷப் பஞ்சம் என்று நம் முன்னோர் சொல்லி நடுங்கிய 1876-78 பஞ்சத்தின்போது அவர் சிறுமி. பசியால் கையைத் தூக்கவும் வலுவற்ற குழந்தைகளின் வாயில் ரொட்டியைப் பிட்டு ஊட்டியது அவருடைய இளமை நினைவு. பின்னர் அமெரிக்காவில் படிப்பு; பெற்றோர் இந்தியாவில். மசாசூசெட்ஸ் மாநிலத்து நார்த்ஃபீல்டில், சமயச் சொற்பொழிவாளர் மூடி நிறுவிய மகளிர் பள்ளியில் பயின்ற காலத்தில், தாம் ஒருபோதும் மிஷனரியாகப் போவதில்லை என்பதே அவருடைய உறுதி. அமெரிக்காவிலேயே மணம் புரிந்து, வசதியான இல்லறம் நடத்துவது அவர் கண்ட கனவு. 1890-இல் தாயார் நோயுற்றதால் அவருக்குத் துணையாகத் திண்டிவனம் வந்தார். வந்தது தாய்க்காக, தங்குவதற்கு அன்று.

பிறகு அந்த இரவு வந்தது. ஐடா தம் வாழ்நாள் முழுவதும் திரும்பத் திரும்பச் சொன்ன நிகழ்ச்சி இது. மிஷன் பங்களாவில் விளக்கொளியில் அமர்ந்திருந்தபோது வாசலில் காலடி ஓசை. வந்தவர் ஓர் அந்தண இளைஞர். அவருடைய இளம் மனைவி பிரசவ வேதனையில் உயிருக்குப் போராடுகிறாள். வந்து காப்பாற்ற வேண்டும். எனக்கு மருத்துவம் தெரியாது, என் தந்தையார் மருத்துவர், அவரை அழைத்து வருகிறேன் என்கிறார் ஐடா. அந்நிய ஆடவர் தம் மனைவியைப் பார்ப்பதைவிட அவள் இறப்பதே மேல் என்று கூறி அவர் திரும்பிப் போகிறார். சற்று நேரத்தில் மீண்டும் காலடி ஓசை. இம்முறை ஓர் இஸ்லாமியர். அதே வேண்டுகோள், அதே மறுப்பு. மூன்றாவதாக மற்றோர் இந்து. அவரும் அவ்வாறே திரும்பினார். விடிந்ததும் ஊருக்குள்ளிருந்து பறையொலி. ஆளனுப்பி விசாரித்தபோது மூன்று பெண்களும் இறந்துவிட்டது தெரிந்தது.

இந்நிகழ்ச்சியை ஒரு பக்திக்கதையாக மட்டும் படிப்பது போதாது. அந்த மூன்று ஆடவரையும் கொடியவர் என்று ஒதுக்கவும் நமக்கு மனம் வரவில்லை. நள்ளிரவில், பிறசமயத்தார் வீட்டின் வாசலில், மனைவியின் உயிருக்காக வந்து நின்றவர்கள் அவர்கள். அன்பு அவர்களை அந்த வாசல்வரை கொண்டுவந்து நிறுத்தியது. வழக்கம் அங்கிருந்து திருப்பி அனுப்பியது. தந்தையாரிடம் கல்வி இருந்தது, அந்த வீடுகளுக்குள் நுழையும் உரிமை இல்லை. மகளுக்கு நுழைய இடமிருந்தது, கல்வி இல்லை. இரண்டும் ஒருவரிடத்தில் சேராத அந்த இடைவெளியில்தான் மூன்று உயிர்கள் போயின.

இந்த இடைவெளி திண்டிவனத்துக்கு மட்டும் உரியதன்று. சென்னை மருத்துவக் கல்லூரி 1875-லேயே பெண்களைச் சேர்த்துக்கொண்டது. மேரி ஷார்லீப் முதலிய நால்வர் அதில் பயின்றனர். பிற ஆடவர் கண்ணில் படாமல் வாழும் பெண்களுக்கென்று 1885-இல் சென்னையில் கோஷா மருத்துவமனை ஏற்பட்டது. திருவல்லிக்கேணியிலுள்ள கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை அதன் தொடர்ச்சியே. ஆயினும் பிரசவ வேதனையில் துடிக்கும் ஒரு பெண்ணுக்குத் திண்டிவனத்திலிருந்து சென்னை எட்டாத தொலைவு. விடை தலைநகரில் இருந்தது. கேள்வி சிற்றூர்களில் கிடந்தது.

அன்று காலை தம் அறைக்குள் சென்று வேண்டுதல் செய்துவிட்டு வந்த ஐடா, தாம் அமெரிக்கா சென்று மருத்துவம் பயின்று இந்தியப் பெண்களுக்காகத் திரும்பிவரப் போவதாகப் பெற்றோரிடம் அறிவித்தார். வானிலிருந்து குரல் ஏதும் கேட்டதாக அவர் சொல்லவில்லை. கேட்டவை மூன்று மனிதக் குரல்கள். அம்மூன்றும் தம்மிடம் இல்லாத ஒன்றைக் கேட்டன. கிறித்தவ மரபு 'அழைப்பு' என்று சொல்வதை நாம் பெரும்பாலும் உள்ளத்தில் எழும் பேரின்ப உணர்ச்சி என்றே எண்ணிக்கொள்கிறோம். ஐடாவுக்கு அது கையாலாகாத நிலையின் வெட்கமாகவே வந்தது. அந்த வெட்கத்தை இறைவனின் அன்பாக அவர் படித்துக்கொண்டார் என்பதில்தான் அவருடைய வாழ்வின் பொருள் அடங்கியிருக்கிறது.

உணர்ச்சி ஒரே காலையில் வந்தது. அதற்கு உருக்கொடுக்க ஆண்டுகள் பல ஆயின. பிலடெல்பியா மகளிர் மருத்துவக் கல்லூரியில் பயின்று, பெண்களுக்கு வாயில் திறந்த கார்னெல் மருத்துவக் கல்லூரிக்கு மாறி, 1899-இல் பட்டம் பெற்றார். நியூயார்க் செல்வர் ஒருவர் தம் மறைந்த மனைவியின் நினைவாக அளித்த 10,000 டாலருடன் 1900-இன் தொடக்கத்தில் தாயகம்போல் ஆகிவிட்ட இந்நாட்டுக்குத் திரும்பினார். அந்த ஆண்டிலேயே தந்தையார் மறைந்தார். வேலூர் பங்களாவின் சிறிய அறை ஒன்றில், ஒற்றைப் படுக்கையுடன் மருத்துவம் தொடங்கியது. 1902-இல் மேரி டேபர் ஷெல் நினைவு மருத்துவமனை 40 படுக்கைகளுடன் எழுந்தது. மருத்துவமனைக்கு வர இயலாதவர்களைத் தேடி மாட்டுவண்டியிலும் பின்னர் மோட்டார் காரிலும் குடியாத்தம் சாலையோர மரத்தடிகளுக்குச் சென்றார்.

நல்ல மருத்துவர் ஒருவரின் கதையாக இது இங்கேயே நிறைந்திருக்கலாம். ஐடா அவ்வாறு நிறுத்தாததுதான் நம் கவனத்துக்குரியது. ஒரே இரவில், ஒரே ஊரில் மூன்று வாசல்கள். ஆர்க்காட்டு மாவட்டங்களில் எத்தனை ஊர்கள், எத்தனை இரவுகள்? கடல்கடந்து வரும் ஒரு பெண் எத்தனை வாசலுக்குப் போக முடியும்? திண்டிவனத்தில் கேட்கப்பட்ட கேள்விக்கு ஐடாவே முழு விடை ஆகமாட்டார் என்பதை ஐடா உணர்ந்தார். 1909-இல் செவிலியர் பயிற்சி தொடங்கியது. 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி 17 மாணவியருடன் தொடங்கியது. 1942-இல் பல்கலைக்கழகப் பட்டப்படிப்புக்கு உயர்ந்த அந்நிறுவனம் 1947 முதல் ஆண்களையும் சேர்த்துக்கொண்டது. ஐடா 1946-இல் ஓய்வு பெற்றார். சில ஆண்டுகளுக்குள் அந்நிறுவனத்தின் முதல் இந்திய இயக்குநராகப் பொறுப்பேற்றவர் ஹில்டா லாசரஸ் என்னும் விசாகப்பட்டினத்துப் பெண்மணி. அவர் பிறந்தது 1890-இல். ஐடா வேண்டாவெறுப்பாகத் திண்டிவனம் வந்த அதே ஆண்டு. அழைக்கப்பட்டவர் தம் இடத்தைப் பிறர்க்கு விட்டுக்கொடுக்கும்போதுதான் அழைப்பு நிறைவு பெறுகிறது போலும்.

மிஷனரி வரலாறுகளை ஐயத்தோடு அணுகவேண்டும் என்று நம் நண்பர்கள் சிலர் சொல்வதுண்டு. அது நியாயமே. காலனிய ஆட்சியின் நிழலில் நடந்த பணிகள் இவை. சமயம் பரப்பும் நோக்கமும் உடனிருந்தது. இருண்ட நாட்டுக்கு ஒளி கொண்டுவந்த கதையாக மேலைநாட்டு வாசகர்க்கு இவை எழுதப்பட்டதும் உண்டு. ஆனால் திண்டிவனத்து இரவை நாம் மறுபக்கத்திலிருந்தும் படிக்கலாம். அங்கே ஒளியை ஏந்தி நின்றவர் எவருமில்லை. ஒன்றும் அறியாத இருபது வயதுப் பெண்ணின் முன் இந்த ஊர் ஒரு கேள்வியைக் கொண்டுவந்து வைத்தது. கொடுக்க வந்தவராக அன்றி, கொடுக்க ஒன்றுமில்லாதவராகவே ஐடா தம் வாழ்வைத் தொடங்கினார்.

1960 மே மாதத்தில் கொடைக்கானலில் ஐடா மறைந்தார். 2000-இல் வேலூர் மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டையொட்டி அஞ்சல்தலை வெளியாயிற்று. அவருடைய வரலாறு நூல்களாயிற்று. திண்டிவனத்திலோ ஸ்கடர் குடும்பப் பெயரைத் தாங்கிய பள்ளி ஒன்று இருக்கிறது. ஆனால் அன்றிரவு இறந்த மூன்று பெண்களின் பெயர்கள் எந்த நூலிலும் இல்லை. ஐடாவின் வாழ்வுக்குப் பொருள் தந்தவர்கள் அவர்களே. தங்கள் வாழ்வுக்கு என்ன பொருள் என்று கேட்டுப் பார்க்கும் வயதைக்கூட அவர்கள் அடைந்திருப்பார்களா என்பது நம்மை உறுத்துகிறது. திருவெண்ணெய்நல்லூரில் வந்த முதியவர் கோயிலுக்குள் புகுந்து மறைந்தார். அவர் யாரென்று பின்னர் சுந்தரருக்குத் தெரிந்தது. திண்டிவனத்தில் வந்த மூவரும் இருளுக்குள் மறைந்தார்கள். அவர்கள் யாராக வந்தார்கள் என்பதை ஐடா அறிந்துகொண்டார் என்றே நமக்குத் தோன்றுகிறது.

'இந்தப் பிறவி எதற்காக?' என்று இனி மாணவர் எவரேனும் கேட்டால், விடை உங்களுக்குள் இருக்கிறது என்று சொல்ல நமக்குத் தயக்கமாக இருக்கும். உங்கள் வாசலுக்கு யார் வந்து போனார்கள், எதைக் கேட்டார்கள், நீங்கள் எதைக் கொடுக்க முடியாமல் போயிற்று என்று எண்ணிப் பாருங்கள் என்றே சொல்லத் தோன்றும்.