தங்கமீன் தொட்டிக்கு மணல்: வடசென்னைக் கரையின் கதை

தங்கமீன் கெண்டை இனத்தைச் சேர்ந்தது. தொட்டியின் அடியில் கிடப்பதை வாய்நிறைய அள்ளி, இரையைப் பிரித்துக்கொண்டு மீதியைத் துப்புவது அதன் பிறவிக்குணம். சீனாவில் சோங் அரசர்கள் காலம் (960–1279) முதலே குளங்களிலும், பிறகு வாயகன்ற மண்தாழிகளிலும் வளர்த்தார்கள். மீனை மேலிருந்து பார்த்ததால் தாழியின் அடியில் என்ன கிடக்கிறது என்று யாரும் கவலைப்படவில்லை. 1853-இல் லண்டன் விலங்கியல் பூங்காவில் கண்ணாடித் தொட்டிகள் காட்சிக்கு வந்தன. பக்கவாட்டில் பார்க்கும் வழக்கம் பரவியபின், அடித்தளமும் கண்ணில் பட்டது. நீர்ச்செடிகள் வேர்விட மணலும் வேண்டியிருந்தது.

சென்னையில் 1909-இல் மெரினாவில் மீன் காட்சிச்சாலை திறக்கப்பட்டது. இந்தியாவில் அதுவே முதலாவது. இரண்டாம் உலகப் போரின்போது மூடப்பட்டது. அது நின்ற கரையின் அகலமே துறைமுகம் தந்ததுதான். இந்தக் கடற்கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். 1875-இல் அடிக்கல் நாட்டிக் கட்டிய துறைமுகச் சுவர்கள் அதை மறித்தன. தெற்கே மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம் முதல் திருவொற்றியூர், எண்ணூர் வரை கடல் கரையை அரித்தது. மணற்கரை இருந்த இடங்களில் இன்று அலைத்தடுப்புப் பாறைகள் கிடக்கின்றன.

எஞ்சிய கடல் மணலும் தங்கமீனுக்கு ஏற்றதல்ல. உப்பைக் கழுவிப் போக்கிவிடலாம், கிளிஞ்சல் தூளைப் போக்க முடியாது. பழவேற்காடு, எண்ணூர்ப் பக்கத்தில் கிளிஞ்சல் அள்ளிச் சுண்ணாம்பு சுட்டது பழைய தொழில். அதே சுண்ணாம்புச் சத்துதான் தொட்டியில் மெல்லக் கரைந்து நீரின் கடினத்தன்மையை ஏற்றும். ஒரு பிடி மணலில் எலுமிச்சைச் சாறு விட்டால் போதும். நுரைத்தால் வேண்டாம்.

தொட்டிக்கு உகந்தது ஆற்று மணல். சலித்து, கலங்கல் தெளியும்வரை பத்துத் தடவையாவது அலச வேண்டும். ஆற்றில் உருண்டு முனை மழுங்கிய மணல் மீனின் வாயைக் கிழிக்காது. 2003-இல் தமிழக அரசு மணல் குவாரிகளைத் தன் கையில் எடுத்தது. ஆற்று மணல் அரிதாக அரிதாகக் கட்டடத்துக்கு எம்-சாண்ட் வந்தது. பாறையை உடைத்துச் செய்த அதன் கூர்முனை தொட்டிக்கு ஆகாது. கருங்கல் ஜல்லியும் அப்படியே.

வடசென்னையின் கொளத்தூர் வண்ணமீன் வணிகத்துக்குப் பேர்போனது. வண்ணமீன் கடைகளில் சாயம் பூசிய கலர் கற்கள் பைபையாகத் தொங்கும். பார்வைக்குப் பகட்டுதான், மலிவான சாயம் நாளடைவில் உரியும். அடியில் துளைத்தட்டு வைத்து, காற்று பம்பால் நீரைக் கற்களினூடே இழுக்கும் வடிகட்டிக்கு 3 முதல் 5 மில்லிமீட்டர் கல் பொருந்தும். கழிவின் நஞ்சைக் குறைக்கும் பாக்டீரியா அதில்தான் குடியேறும். ஆனால் பட்டாணி அளவுக் கல் பெரிய தங்கமீனின் தொண்டையில் சிக்கும். வாயில் நுழையாத பெரிய கூழாங்கல் போட்டால் அந்த ஆபத்தில்லை, இடுக்கில் கழிவு தேங்கும்.

இரைப்பை என்ற உறுப்பே இல்லாத தங்கமீன், தின்றதைச் சீக்கிரமே கழிவாக்கும். அதனால் பண்ணைகளில் அடியில் எதுவும் போடாத வெறும் தொட்டியே வழக்கம். வீட்டில் மணல் போடுவோர் ஒரு விரற்கடை உயரத்துக்கு மேல் போடாமல், வாரம் ஒருமுறை குழாயால் கழிவை உறிஞ்சி எடுப்பது நல்லது.