ஆடும் கால் கேட்ட பாவாடை

சித்திரை பிறந்துவிட்டால் தேனிப் பக்கம் கரகாட்ட செட்டுகளுக்கு ஓய்வு ஒழிச்சல் கிடையாது. வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழா ஒரு பக்கம் என்றால், சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் என்று பள்ளத்தாக்கு முழுக்க அம்மன் கோயில் பொங்கல்கள் மறுபக்கம். தவிலும் பம்பையும் சூடு பிடித்ததும் கரகத்தோடு பெண்கள் இறங்குவார்கள். அவர்கள் உடுப்பைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். முழங்காலுக்கு மேலேயே நின்றுவிடும் பாவாடை. அடுக்கடுக்காகச் சுருக்கு வைத்துத் தைத்திருக்கும். ஓரத்தில் ஜரிகை, மேலெல்லாம் சமிக்கி, உள்ளே இறுக்கமான டவுசர். ஆடுகிறவர் ஒரு சுற்று சுற்றினால் பாவாடை இடுப்பிலிருந்து வட்டமாக எழும்பி நிற்கும்.

ஐரோப்பாவின் பாலே நடனத்துக்கும் இதே போன்ற ஓர் உடுப்பு உண்டு. டுட்டு என்பார்கள். ஒன்றைப் பார்த்து மற்றொன்று வந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் இரண்டும் நடந்து வந்த பாதை ஒன்றுபோல இருக்கிறது. இந்த வாரம் அந்தப் பாதையில் போய்ப் பார்ப்போம்.

பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிஸ் மேடைப் பெண்கள் தரையைத் தொடும் கனத்த பாவாடையில்தான் ஆடினார்கள். குதித்து, காற்றிலேயே இரண்டு கால்களையும் மாற்றி மாற்றிப் பின்னும் வித்தைகளெல்லாம் ஆண்களின் சொத்தாக இருந்தன. 1726-ல் பாரிஸ் ஓபராவில் அறிமுகமான மரி கமார்கோ அவற்றைத் தானும் செய்தார். செய்தது பார்ப்பவர் கண்ணில் பட வேண்டாமா? பாவாடையைக் கணுக்காலுக்கு மேலே ஏற்றினார். உள்ளே கால்சட்டை போட்டுக்கொண்டார். நம்மூர் டவுசரின் வேலை அன்றைக்கே அங்கே தொடங்கிவிட்டது.

அடுத்த பெயர் மரி டாக்லியோனி. 1832 மார்ச் 12, பாரிஸ் ஓபராவில் 'லா சில்ஃபீத்' அரங்கேறியது. அமைத்தவர் அவருடைய தந்தை ஃபிலிப்போ. காற்றில் வாழும் தேவதை வேடம். கால்விரல் நுனியில் நின்று ஆட வேண்டும். அதற்கு வாய்த்தது மஸ்லின் துணியில் மணி வடிவில் தைத்த வெள்ளைப் பாவாடை, முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவே முடிவது. இங்கிலாந்தில் ஜான் ஹீத்கோட் 1809-ல் வலைத்துணி பின்னும் எந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார். கையால் மாதக்கணக்கில் பின்ன வேண்டியிருந்த வலை எந்திரத்தில் மளமளவென்று வந்தது. அதை அடுக்கினால் கனமில்லாமல் உப்பி நிற்கும். வெண்பனி போன்ற அந்த நடன உருவம் பிறந்ததில் ஆலைக்கும் பங்கு இருக்கிறது.

மேடை விளக்குகளோ அப்போது எரிவாயுச் சுடர்கள். லேசான துணி, திறந்த நெருப்பு. பல பெண்கள் கருகினார்கள். மனத்தை விட்டு அகலாதவர் எம்மா லிவ்ரி. டாக்லியோனியே பயிற்சி கொடுத்து, 1860-ல் 'பட்டாம்பூச்சி' என்ற நடனத்தை அமைத்துத் தந்த மாணவி. தீப்பிடிக்காமல் இருக்க ரசாயனத்தில் நனைத்த பாவாடைகளைக் கொடுத்தார்கள். அவை விறைத்து, பழுப்பேறிக் கிடந்ததால் உடுத்த மறுத்துவிட்டார். 1862 நவம்பரில் ஒத்திகையின்போது பாவாடை சுடரில் பட்டது. எட்டு மாதம் துடித்து, 1863 ஜூலையில் இறந்தார். எரிந்து மிஞ்சிய அந்த உடையின் துண்டுகளை பாரிஸ் ஓபராவின் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். அழகாகத் தெரிய வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார் என்று அவர்மேல் பழி போடுவது சுலபம். மேடையில் அழகு குறைந்தால் வாய்ப்பும் குறையும் என்று அந்தப் பெண்ணுக்குக் கற்றுக்கொடுத்தது யார்?

அதற்குப் பிறகு பாவாடை மேலும் ஏறியது. இத்தாலியக் கலைஞர் வெர்ஜீனியா சுக்கி 1885-ல் ரஷ்யாவுக்குப் போய், அங்கிருந்த வழக்கத்தைவிடக் குட்டையான பாவாடையில்தான் ஆடுவேன் என்று நின்றார். இன்னொரு இத்தாலியரான பியெரினா லெனானி 1895-ல் 'அன்ன ஏரி'யில் ஒற்றைக் காலில் முப்பத்திரண்டு சுற்றுச் சுற்றினார். முழங்காலின் உறுதி தெரியாவிட்டால் அந்தச் சாதனைக்கு என்ன மதிப்பு? இருபதாம் நூற்றாண்டில் உள்ளே கம்பி வளையம் வைத்து, இடுப்பிலிருந்து தட்டையாக நீட்டி நிற்கும் வடிவம் வந்தது. 1950-ல் நடன அமைப்பாளர் பலன்ஷீனின் நடனத்துக்காக உடை வடிவமைப்பாளர் கரின்ஸ்கா அந்தக் கம்பியை எடுத்துவிட்டு, குட்டையான வலை அடுக்குகளையே ஒன்றையொன்று தாங்கும்படி தைத்தார். நெருங்கி ஆடும்போது ஒருவர் பாவாடை மற்றவர்மேல் இடிக்காது.

நான் இதுவரை சொன்னது கால்கள் கேட்டு வாங்கிய குட்டை. பாவாடை ஏறியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பாரிஸ் ஓபராவில் ஆண்டுச் சந்தா கட்டிய பணக்கார ஆண்கள் மேடைக்குப் பின்னால் போய் வரலாம். நடனப் பெண்களைச் சந்திப்பதற்கென்றே ஒரு கூடம் இருந்தது. ஏழை வீட்டுச் சிறுமிகள் அங்கே என்ன பட்டார்கள் என்பதற்கு தெகாவின் ஓவியங்களே சாட்சி. திரையோரம் கறுப்புக் கோட்டு அணிந்த ஆண் ஒருவர் நின்றுகொண்டேயிருப்பார்.

கம்பம் பள்ளத்தாக்குக்குத் திரும்புவோம். கரகம் முதலில் சடங்கு. நீர்நிலையில் ஜோடித்த சக்தி கரகத்தைப் பூசாரி பக்தியோடு சுமந்து வருவார். அதிலிருந்து கிளைத்ததுதான் ஆட்டக் கரகம். செம்புக்குள் அரிசி நிரப்பி, மேலே பூ ஜோடனையும் கிளி பொம்மையும் வைத்து, கையால் பிடிக்காமல் ஆட வேண்டும். ஏணியில் ஏற வேண்டும், தாம்பாள விளிம்பில் நிற்க வேண்டும், பின்பக்கமாக வளைந்து கண்ணிமையால் ஊசி எடுக்க வேண்டும். அத்தனைக்கும் கரகம் அசையக்கூடாது. பழைய தலைமுறை சேலையைக் கச்சம் வைத்துத் தூக்கிக் கட்டி ஆடியது. பெண் வேடமிட்டு ஆடிய ஆண்களும் உண்டு. தாம்பாளத்தில் நிற்பவர் காலில் கொசுவம் சிக்கினால் என்ன ஆகும்? தைத்த குட்டைப் பாவாடை ஆட்டத்துக்கு ஒத்தாசையாகத்தான் வந்தது. பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் தூரத்தில் உட்கார்ந்திருப்பவருக்கும் தெரிய ஜிகினாவும் சமிக்கியும் ஏறின.

பிறகு பார்ப்பவர் கண் அளவெடுக்கத் தொடங்கியது. சட்டையில் ரூபாய் குத்துகிறேன் என்று கை நீட்டுகிறவர்கள், இரட்டை அர்த்தப் பேச்சுக்குக் கைதட்டுகிறவர்கள், போட்டிக்கு வந்த சினிமா, ரெக்கார்டு டான்ஸ். பாவாடை ஒரு சாண் ஏறினால் அடுத்த ஊர் அச்சாரம் உறுதி என்ற நிலை வந்தது.

இந்த இடத்தில் மதுரையில் பிறந்த ஒரு பெண்ணைச் சொல்ல வேண்டும். ருக்மிணி தேவி, பிறந்தது 1904. உலகின் மிகப் பெயர்பெற்ற டுட்டுக்காரியான அன்னா பாவ்லோவாவை 1928-ல் சந்தித்து, அவருடைய குழுவைச் சேர்ந்த கிளியோ நோர்டியிடம் பாலே பயின்றார். உன் நாட்டுக் கலையைத் தேடிப் பார் என்று பாவ்லோவா சொன்னது அவரைத் திருப்பிவிட்டது. பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பரதநாட்டியம் கற்று 1935-ல் அடையாறில் மேடையேறினார். அடுத்த ஆண்டே கலாக்ஷேத்ராவைத் தொடங்கினார். மதாம் கஸான் என்ற இத்தாலியத் தையற்கலைஞர் துணையோடு அவர் தைத்தெடுத்த உடை கணுக்கால்வரை மூடியது. அரைமண்டியில் முன்பக்க விசிறி மடிப்பு மட்டும் விரிந்தது. சென்னை மேடையில் கால் மறைந்தது, கௌரவம் வந்தது. கோயில்களில் தலைமுறை தலைமுறையாக ஆடிய குடும்பங்களின் பெண்களுக்கு அந்தக் கௌரவத்தில் உரிய பங்கு போகவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

1989-ல், பண்ணைப்புரத்துக்காரரான கங்கை அமரன் இயக்கி, அவருடைய அண்ணன் இளையராஜா இசையமைத்த 'கரகாட்டக்காரன்' வெளிவந்து, மதுரையில் ஓராண்டுக்கு மேல் ஓடியது. கரகம் வீட்டுப் பேச்சாயிற்று. கரகம் ஆடுகிற பெண்ணைப் பார்க்கிற பார்வையோ மாறவில்லை. இன்றைக்குத் திருவிழா ஆட்டங்களுக்கு நீதிமன்றங்களும் காவல்துறையும் நிபந்தனை விதிக்கின்றன. ஆபாச உடை கூடாது என்பது அதில் தவறாமல் இருக்கும். கூடாததுதான். ஆனால் அந்த உடையைக் கேட்டு வாங்கியவர்களும் கூட்டத்தில்தானே உட்கார்ந்திருக்கிறார்கள்? வழக்கும் வசவும் ஆடியவர் தலையிலேயே விழுவது எனக்கு ஆறவேயில்லை.

அரசு விழாக்களிலும் கல்லூரி மேடைகளிலும் கரகாட்டப் பெண்கள் இப்போது கணுக்கால்வரை தைத்த, விசிறி மடிப்பு வைத்த உடையில் வருகிறார்கள். ருக்மிணி தேவி வகுத்த வெட்டுத்தான் அது. அந்த உடையும் பெட்டியில் இருக்கும், குட்டைப் பாவாடையும் இருக்கும். எதை எடுப்பது என்பது ஆட்டத்தைப் பொறுத்ததாக இல்லை. அச்சாரம் கொடுக்க வருகிறவர் செட்டின் நேரத்தையும் ஆள் கணக்கையும் பேசி முடித்துவிட்டு, டிரஸ் எது என்பதையும் அவரே சொல்லிவிட்டுப் போகிறார்.

(தொடரும்)