கால்வாய் எட்டாத ஊர்

ஒரு நாட்டின் பாதைகளை ஆராய்ந்தால், அந்நாட்டு மக்கள் எதை விரும்பினர், எதில் வென்றனர், எதில் தோற்றனர் என்பன விளங்கும். அமெரிக்க ஐக்கிய நாட்டின் தலைநகராகிய வாஷிங்டனிலிருந்து வடமேற்கே பிட்ஸ்பர்க் நகர் வரை செல்லும் மிதிவண்டிப் பாதை இதற்கு நல்லதொரு சான்று. ஏறத்தாழ 335 மைல் நீளமுள்ள இப்பாதையின் பெரும்பகுதி தார் காணாதது. மண்ணும் பொடிக்கல்லும் பரப்பியது. முற்பகுதி ஒரு பழைய கால்வாயின் கரை. பிற்பகுதி காடடர்ந்த மலைகளின் ஊடே செல்வது. இன்று இன்பச் செலவுக்காக இதில் வண்டியோட்டுவோர் பலர். ஆனால், இதை முதலில் வகுத்தவர்களின் நோக்கம் இன்பமன்று, வாணிகம்.

அமெரிக்காவின் கீழைக் கடற்கரைக்கும் உள்நாட்டுச் சமவெளிக்கும் இடையே அலகேனி மலைத்தொடர் நிற்கிறது. அதற்கு அப்பால் பிட்ஸ்பர்க்கில் ஒஹையோ ஆறு தொடங்குகிறது. அந்த ஆற்றையும் கடலையும் நீர்வழியால் இணைத்துவிட்டால் மேற்குப் பகுதியின் விளைபொருளெல்லாம் தங்கள் துறைமுகத்துக்கு வரும் என்று பொட்டோமாக் கரையினர் கணக்கிட்டனர். ஜார்ஜ் வாஷிங்டனே 1785ஆம் ஆண்டில் இதற்கென அமைந்த ஒரு கம்பெனிக்குத் தலைவராக இருந்தார். 1825ஆம் ஆண்டில் நியூயார்க் மாநிலத்தார் ஈரி கால்வாயை வெட்டி முடித்துப் பெரும்பயன் கண்டனர். இனியும் தாழ்த்தலாகாது என்ற எண்ணம் பொட்டோமாக் கரையில் வலுத்தது.

1828ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் நாள் செசபீக்–ஒஹையோ கால்வாய்க்கு முதல் மண் வெட்டப்பட்டது. மண்வெட்டியை ஏந்தியவர் குடியரசுத் தலைவர் ஜான் குவின்சி ஆடம்ஸ். மண்வெட்டி வேரிலே பட்டு இறங்க மறுக்கவே, அவர் தம் மேலங்கியைக் கழற்றிவிட்டு மீண்டும் ஓங்கி வெட்டினார், கூட்டம் ஆர்ப்பரித்தது. அதே நாளில் பால்டிமோர் நகரில் மற்றொரு விழா நடந்தது. விடுதலைச் சாசனத்தில் கையெழுத்திட்டவர்களுள் அப்போது உயிருடன் இருந்த ஒரே பெரியவரான சார்லஸ் கரோல், பால்டிமோர்–ஒஹையோ இரயில்பாதைக்கு முதற்கல் நாட்டினார். இரண்டிற்கும் இலக்கு ஒன்றே. நீரும் நெருப்பும் ஒரே நாளிற் பந்தயத்தில் இறங்கின எனலாம்.

கால்வாயை வெட்டியவர்கள் பெரும்பாலும் அயர்லாந்திலிருந்து வந்த ஏழைத் தொழிலாளர். 1832ஆம் ஆண்டில் காலரா நோய் அவர்களுடைய குடிசைகளிற் புகுந்து பலரைக் கொண்டு சென்றது. 1834ஆம் ஆண்டில் தொழிலாளரிடையே கலகம் மூண்டபோது, குடியரசுத் தலைவர் ஜாக்சன் படையை அனுப்பி அடக்கினார். தொழிலாளர் பூசலில் மைய அரசின் படை தலையிட்டது அந்நாட்டில் அதுவே முதல் முறை. ஆடம்ஸின் மண்வெட்டி வரலாற்றில் இடம்பெற்றது. பின்னர் 22 ஆண்டுக்காலம் மண் வெட்டியவர்களுள் பெயர் நின்றவர் மிகச் சிலரே.

வேலையும் எளிதன்று. ஜார்ஜ்டவுனுக்கும் கம்பர்லண்டுக்கும் இடையே நிலம் 605 அடி உயர்கிறது. படகு மேடேற 74 இடங்களில் இரட்டைக் கதவு கொண்ட கல் தொட்டிகளைக் கட்டினர். படகு உள்ளே நுழைந்ததும் கீழ்க்கதவை அடைத்து, மேலிருந்து நீரைப் பாய்ச்சுவர். நீர் உயரப் படகும் உயரும். ஓரிடத்தில் ஆறு நெடுந்தூரம் வளைந்து செல்லவே, அந்த வளைவைத் தவிர்க்க மலையைக் குடைந்தனர். பாபா சுரங்கம் என்னும் இவ்வழியின் நீளம் 3,118 அடி. இரண்டே ஆண்டில் முடியும் என்று நம்பி 1836ஆம் ஆண்டில் தொடங்கிய வேலை, பணமின்றி இடையில் நின்று, 14 ஆண்டுக்குப் பின்னரே நிறைவுற்றது.

1850ஆம் ஆண்டில் கால்வாய் கம்பர்லண்டை அடைந்தது. 184½ மைல் நீளம். செலவு ஒரு கோடியே பத்து லட்சம் டாலர். இரயிலோ 1842ஆம் ஆண்டிலேயே அங்கு வந்து சேர்ந்திருந்தது. மலைக்கு அப்பால் கால்வாய் ஓரடியும் செல்லவில்லை. ஒஹையோ என்ற சொல் அதன் பெயரில் மட்டும் நிலைத்தது.

ஆயினும், கால்வாய் உழைத்தது. கம்பர்லண்டு மலைகளின் நிலக்கரியை நூறு டன்னுக்கு மேல் ஏற்றிய படகுகளைக் கோவேறு கழுதைகள் கரையில் நடந்து கயிற்றால் இழுத்தன. படகோட்டியின் குடும்பம் படகிலேயே வாழ்ந்தது. கழுதைகளை ஓட்டிச் சென்றவர்கள் பல வேளைகளில் அவர்களுடைய சிறுவர் சிறுமியரே. அக்குளம்புகளுக்காக வகுத்த 12 அடி அகலக் கரையே இன்றைய மிதிவண்டிப் பாதை. 1889ஆம் ஆண்டு வெள்ளம் கால்வாயைச் சிதைத்தது. அதன் ஆட்சி போட்டியாளரான இரயில் கம்பெனியின் கைக்கே சென்றது. 1924ஆம் ஆண்டு வெள்ளத்திற்குப் பின் படகுப் போக்குவரத்து அடியோடு நின்றது. 1938ஆம் ஆண்டில் அரசு அதை 20 லட்சம் டாலருக்கு வாங்கியது.

வாங்கியபின் எழுந்தது புதிய ஆபத்து. கால்வாய் வழியில் மோட்டார் சாலை அமைக்கலாம் என்றனர். 1954ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வாஷிங்டன் போஸ்ட் இதழ் தலையங்கம் தீட்டி அத்திட்டத்தை ஆதரித்தது. உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் டக்ளஸ் அதை மறுத்துக் கடிதம் எழுதினார்; தலையங்கம் எழுதியவரையே தம்முடன் கரை முழுவதும் நடந்துவர அழைத்தார். அழைப்பு ஏற்கப்பட்டது. மார்ச்சு 20ஆம் நாள் கம்பர்லண்டிலிருந்து ஒரு குழு புறப்பட்டது. எட்டாம் நாளில் வாஷிங்டனை அடைந்தபோது, முழுத் தொலைவையும் நடந்து முடித்தவர் டக்ளஸ் உள்ளிட்ட ஒன்பதின்மரே. இதழும் பின்னர்த் தன் கருத்தை மாற்றிக்கொண்டது. 1971ஆம் ஆண்டில் கால்வாய் தேசிய வரலாற்றுப் பூங்காவாகச் சட்டத்தால் நிலைபெற்றது. சாலை வரவில்லை.

இனி, வென்ற இரயிலின் கதையைக் காண்போம். கம்பர்லண்டிலிருந்து மலையேறிச் செல்லும் மற்றோர் இரும்புப் பாதையை மேற்கு மேரிலாந்து இரயில் கம்பெனி 1912ஆம் ஆண்டில் திறந்தது. 1975ஆம் ஆண்டில் அது கைவிடப்பட்டது. தண்டவாளம் அகன்ற தடத்திற் பொடிக்கல் பரப்பி மிதிவண்டிப் பாதையாக்கும் பணி ஒஹையோபைல் என்னும் ஊரில் தொடங்கியது. 1986ஆம் ஆண்டில் முதற்பகுதி திறக்கப்பட்டது. மெல்ல மெல்ல வளர்ந்து, 2013ஆம் ஆண்டில் 150 மைல் பாதையும் நிறைவுற்றது. இரயிலுக்கென அமைந்த தடமாதலால் ஏற்றம் கடுமையாக இராது. 2,392 அடி உயரத்தில் ஒரு நீர்ப்பிரிவு இருக்கிறது. அதன் ஒருபுறம் பெய்யும் மழை அட்லாண்டிக் கடலுக்கும், மறுபுறம் பெய்வது ஒஹையோ வழியாக மெக்சிகோ வளைகுடாவுக்கும் செல்லும். கால்வாய்க்காரர் தாண்ட விரும்பித் தாண்ட முடியாத வரம்பு அதுவே.

இன்று பள்ளி மாணவனும் மிதிவண்டியில் அவ்வரம்பைக் கடக்கிறான். வாஷிங்டனையும் ஒஹையோவின் தலைப்பையும் இணைக்க வேண்டும் என்ற எண்ணம், மண் வெட்டிய நாளிலிருந்து 185 ஆண்டு கழித்து, எவரும் எண்ணியிராத வகையில் கைகூடிற்று. தோற்ற கால்வாயும் ஓய்ந்த இரயிலும் சேர்ந்தே அதை முடித்தன. பயனற்றது என்று ஒரு தலைமுறை ஒதுக்கியதை அடுத்த தலைமுறை அழிக்குமுன், ஒருமுறையேனும் அதன் மீது நடந்து பார்ப்பது நலம். டக்ளஸ் அவ்விதழாசிரியரிடம் கேட்டது அவ்வளவே.